சுலோச்சனா வாசித்த அறிக்கை

சுலோச்சனா பிறந்தது நகரியில். வீட்டுக்கு இரண்டு பக்கமும் பவர்லூம் ஓடும் தெரு. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவள். பத்தாவது வரை தமிழ் மீடியம். பத்தொன்பது வயதில் சித்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அன்றோடு அவளுக்கும் தமிழ் எழுத்துக்கும் இருந்த சம்பந்தம் அறுந்துபோனது. வீட்டில் பேச்சு தமிழ்தான். ஆனால் ரேஷன் கார்டு தெலுங்கு, கரண்டு பில் தெலுங்கு, மகன் திலீப் படித்தது இங்கிலீஷ். கிரீம்ஸ்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் அவளுக்கு வேலை. குடியாத்தம் பக்கமிருந்து வருகிற நோயாளிகளிடம் தமிழில் விசாரித்து, இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பாள். கணவன் கோபிகிருஷ்ணன் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் பாய்லர் ஆப்பரேட்டர். சீசனில் வீட்டுக்கு வந்தாலும் உடம்பெல்லாம் மாம்பழ வாசனை. அதனாலேயே அந்த வீட்டில் யாரும் மாம்பழம் தொடமாட்டார்கள்.

கொரோனா வந்த வருஷம் திலீப்பின் ஆன்லைன் வகுப்புக்காக மைனா வாங்கினார்கள். மைனா ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். பார்த்தால் வெறும் கீபோர்டு. கம்ப்யூட்டர் முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். டி.வி.யில் சொருகினால் போதும். திருப்பதிக்கு அந்தப் பக்கம் ஏர்பேடு ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனி அதைச் செய்துகொண்டிருந்தது. தெலுங்கிலும் தமிழிலும் வேலை செய்யும் என்று அட்டைப்பெட்டி மேலேயே போட்டிருந்தார்கள்.

திலீப் படிப்பு முடிந்து புனேவுக்கு வேலைக்குப் போனபின் மைனா டி.வி.க்குக் கீழே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டப்போனவள், சும்மாதான் அதைப் போட்டு, ‘தமிழ்’ என்றிருந்த இடத்தை அமுக்கினாள். முதலில் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தும் பொத்தானில் ‘கீழே மூடு’ என்றிருந்தது. மௌஸுக்கு ‘எலி’. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நின்றது. சிரித்துக்கொண்டே போனவளுக்கு அரைமணி நேரத்தில் கோபம் வந்துவிட்டது. தமிழ் தெரிந்த ஒரு ஆள்கூட இதை எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. நோட்டை எடுத்து ஒவ்வொரு தப்பாக எழுத ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் இருநூற்றுப் பதினாலு தப்பு. பக்கத்திலேயே சரியான வார்த்தை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

நாலாம் நாள் போன் வந்தது.

“மேடம், நான் ராம்ப்ரசாத். மைனா கம்பெனியிலேந்து பேசறேன். யூசர்ஸை எல்லாம் நான்தான் பார்த்துக்கறது.” தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ். “தமிழ்ல எங்களுக்கு வந்த முதல் லெட்டர் உங்களதே மேடம். எங்க இன்ஜினியருங்க உங்க நோட்டை பிரிண்டு போட்டு சுவத்துல ஒட்டிட்டாங்க.”

சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதை அவள் கணவனிடம் இரண்டு தடவை சொன்னாள். கோபிகிருஷ்ணன், “சம்பளம் இன்னா குடுக்கறாங்களாம்?” என்று மட்டும் கேட்டான்.

சம்பளம் எதுவும் இல்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த முறை மைனா தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது, டி.வி. முழுக்க அவளுடைய வார்த்தைகள். ‘நிறுத்து.’ ‘எடுத்து வை.’ ‘தேடு.’ படம் வரையும் இடத்துக்குக் ‘கோலம்’ என்று அவள் வைத்த பெயரையே போட்டிருந்தார்கள். அன்றைக்கு அவள் டி.வி. முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் செய்த எதையும் யாரும் இப்படி எடுத்து வைத்துக்கொண்டது கிடையாது.

அதன்பின் மைனா வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு தமிழ்க் குழு தொடங்கினார்கள். அதை நடத்தும் பொறுப்பு சுலோச்சனாவிடம் வந்தது. காலையில் குக்கர் விசில் அடிப்பதற்குள் நாலு பேருக்குப் பதில் எழுதுவாள், சாப்பாட்டு இடைவேளையில் இன்னும் நாலு பேருக்கு. சத்தியவேடு, புத்தூர், பள்ளிப்பட்டு என்று எங்கெங்கேயோ இருந்து கேள்விகள் வரும். கடிதம் கிடைத்ததும் கம்பெனியிலிருந்து தானாகப் போகிற பதிலைக்கூட அவளே எழுதிக் கொடுத்தாள். மூன்று வருஷத்தில் குழுவில் தொள்ளாயிரம் பேர். சித்தூரில் மட்டும் அவள் சொல்லி மைனா வாங்கிய வீடுகள் நாற்பத்து மூன்று.

அதில் முதல் வீடு செங்கமலத்தினுடையது. செங்கமலம் சந்தப்பேட்டையில் கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். சுலோச்சனா சித்தூருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி, அன்றிலிருந்து சிநேகிதி. புருஷன் போனபின் ஊசியை நம்பியே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். “எனக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?” என்று தட்டிக்கழித்தவளை உட்காரவைத்து, கோலத்தில் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தது சுலோச்சனாதான். ஒரு முறை வரைந்த மயிலைக் கைக்கு ஒரு அளவாகவும் முதுகுக்கு ஒரு அளவாகவும் பெரிது பண்ணலாம், சிறிது பண்ணலாம். கோடு பிசிறவே பிசிறாது. அப்படியே கடையில் பிரிண்டு போட்டு, கோட்டின் மேலேயே ஊசியால் ஓட்டை குத்தி, துணிமேல் வைத்துப் பொடி தேய்த்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். இரண்டு வருஷத்தில் அறுநூறு டிசைனுக்கு மேல் வரைந்துவிட்டாள் செங்கமலம். மைனாவுக்குள் இடம் கொஞ்சம் என்பதால் எல்லாம் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. “அங்க இருந்தா இன்னும் பத்திரம், அக்கா,” என்று சொன்னதும் சுலோச்சனாவேதான்.

வருஷா வருஷம் சங்கராந்தி சமயத்தில் கம்பெனி தன் எதிர்காலத் திட்டத்தை மைனா வைத்திருப்பவர்களுக்கு எழுதி அனுப்பும். இன்னின்னது வரப்போகிறது, இன்னின்னது யோசனையில் இருக்கிறது என்று நாலு பக்கம். முதல் வருஷம், தமிழைச் சத்தமாகப் படித்துக் காட்டும் வசதி வரும் என்றார்கள். அடுத்த வருஷம், அதோடு தமிழ் மீடியம் பாடங்களும் என்றார்கள். இரண்டும் வரவில்லை, தாமதமாகிறது என்று மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்த மன்னிப்பைத் தமிழாக்கியதும் சுலோச்சனாதான்.

போன வருஷம் ஜனவரியில் ராம்ப்ரசாத் போன் செய்தான்.

“மேடம், இந்த தடவை திட்டத்தை நேர்லயே சொல்லப்போறோம். திருப்பதியில ஹோட்டல்ல மீட்டிங்கு. யூசர்ஸ் எல்லாரையும் கூப்பிடுங்க. தெலுங்குல எம்.டி. படிப்பார். தமிழ்ல நீங்கதான் ஸ்டேஜ்ல படிக்கணும்.”

“நானா? மேடை எல்லாம் எனக்குப் பழக்கம் இல்லீங்க.”

“உங்க வாயால வந்தாத்தான் நம்ம ஆளுங்க ஒத்துப்பாங்க மேடம்.”

ஒத்துக்கொள்வார்கள் என்ற வார்த்தையை அவள் அப்போது கவனிக்கவில்லை. “பேப்பரை முன்னாடியே அனுப்புங்க, ஒரு தடவ பார்த்துக்கறேன்,” என்றாள். திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது, அங்கே வந்ததும் தருகிறோம் என்றான்.

சித்தூரிலிருந்து பதினெட்டுப் பேர் கிளம்பினார்கள். சப்தகிரி பஸ்ஸில் செங்கமலம் சுலோச்சனாவின் பக்கத்தில் ஜன்னலோரம். சுலோச்சனா போட்டிருந்த ராணி பிங்க் பட்டு ரவிக்கையில் செங்கமலம் போட்ட அன்னப்பறவை. மைனாவில் வரைந்ததை மேடையில் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று செங்கமலம்தான் அதைக் கட்டாயமாகப் போடவைத்திருந்தாள். சந்திரகிரி தாண்டும்வரை பஸ்ஸில் பேச்சு ஓயவில்லை. படித்துக்காட்டும் வசதி வந்துவிடும் என்று ஒருவர், பிரிண்டரும் கூடவே தருவார்கள் என்று ஒருவர்.

அலிபிரி போகும் ரோட்டில் ஹோட்டல். ஏ.சி. ஹால், பூந்தொட்டி, காமிரா. கம்பெனி ஆட்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். எம்.டி. தெலுங்கில் பேசினார், கல்வி, வருங்காலம், பெரிய பயணம் என்று பொதுவாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு சுலோச்சனாவை மேலே அழைத்து, சால்வை போர்த்தி, கண்ணாடியில் மைனா படம் பதித்த ஒரு நினைவுப்பரிசைக் கொடுத்தார். ‘நம் தமிழ்க் குடும்பத்தின் தாய்’ என்று அறிவித்தார்கள். அவளுக்குக் காது சூடானது. ராம்ப்ரசாத் மைக்கைச் சரிசெய்து, கையில் ஒரு காகிதத்தைத் தந்துவிட்டு இறங்கிப் போனான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

காகிதத்தில் இருந்தது மெஷின் மொழிபெயர்த்த தமிழ். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மூன்று வருஷப் பழக்கம். கண் தப்பைப் பார்த்த உடனே வாய் தானாகத் திருத்தியது. ‘மைனா அதன் பயனர்களின் அன்பினால் தாழ்மைப்படுத்தப்பட்டுள்ளது’ என்றிருந்ததை, “உங்கள் அன்புக்கு மைனா கடமைப்பட்டிருக்கிறது” என்று வாசித்தாள். ‘புதிய அத்தியாயத்தை நோக்கிச் சுழல்கிறோம்’ என்பது, “இனி புது வழியில் போகப் போகிறோம்” என்றானது. வாக்கியம் வாக்கியமாகச் சீர்படுத்திக்கொண்டே போனாள். மைக்கில் தன் குரல் நன்றாக இருப்பது அவளுக்கே தெரிந்தது.

அடுத்த வரி: ‘ஜூன் முப்பது அன்று மைனா இல்லப் பதிப்பு சூரிய அஸ்தமனம் செய்யப்படும்.’

“ஜூன் முப்பதோடு வீட்டு மைனா நிறுத்தப்படும்,” என்று வாசித்தாள் சுலோச்சனா.

சொன்னபிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. அதற்குள் வாய் அடுத்த வரிக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கான புது மைனா வரும். அதில் இங்கிலீஷும் தெலுங்கும் இருக்கும். தமிழ் தொடராது. கம்பெனியிடம் எடுத்து வைத்திருப்பதையெல்லாம் அந்தத் தேதிக்குள் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதியவை எழுத்தாக வரும். கோலத்தில் வரைந்தவை சாதாரணப் படமாக மட்டுமே வரும்.

நிறுத்தியிருக்கலாம். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கியிருக்கலாம். அதைப் பிற்பாடு அவளே ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள். ஆனால் காமிராவும், எதிரே அத்தனை முகங்களும், தோளில் சால்வையும். கடைசி வரி வரைக்கும், ஒரு தப்பில்லாமல், திருத்தித் திருத்தி வாசித்து முடித்தாள். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசைகளில் ஒருவரும் தட்டவில்லை. மூன்றாவது வரிசையில் செங்கமலம் பையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு இடத்தில் ராம்ப்ரசாத்தைத் தேடிப் பிடித்தாள்.

“முன்னாடியே ஏன் சொல்லல?”

அவன் தட்டைக் கீழே வைத்தான். “சொல்லியிருந்தா படிச்சிருப்பீங்களா மேடம்?”

“மாட்டேன்.”

“அதான்.” அதைச் சொல்லும்போது அவன் குரலில் திமிர் இல்லை, அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “மேலே முடிவு பண்ணிட்டாங்க. ஸ்கூல்ஸ்தான் இனிமே. நான் என்ன பண்ணட்டும்? உங்களுக்கு மட்டும் ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். ஸ்கூல் மைனாவுக்கு தெலுங்குல பதில் சொல்ற வேலை. சம்பளத்தோட.”

“அந்த கோலம் படங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க. கோடு கோடாவே வெளிய எடுக்கற மாதிரி, பெருசு பண்ணா பிசிறாம. அது போதும் எனக்கு.”

“இன்ஜினியருங்ககிட்ட சொல்றேன் மேடம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் பதினெட்டுப் பேரும் அங்கங்கே பிரிந்து உட்கார்ந்தார்கள். செங்கமலம் மட்டும் சுலோச்சனாவின் பக்கத்தில். பாகாலா தாண்டியபின், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“உனுக்கு முன்னாடியே தெரியுமா?”

“சத்தியமா தெரியாதுக்கா. மேடையிலதான் பேப்பரு குடுத்தாங்க.”

“தெரியாமயா அவ்ளோ அழகா படிச்சிக்கினு போன?”

மெஷின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பதை எப்படிச் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

மூன்றாம் நாள் கம்பெனி அந்த வீடியோவைப் போட்டது. அன்னப்பறவை ரவிக்கையும் சால்வையுமாகச் சுலோச்சனா சிரித்த முகத்தோடு வாசிக்கிறாள். கீழே, ‘எங்கள் எதிர்காலத் திட்டத்தை வரவேற்கும் தமிழ்க் குடும்பம்’ என்ற வரி. குழுவில் வசவு கொட்டியது. எவ்வளவுக்கு விலைபோனாய் என்று கேட்டார் புத்தூர்க்காரர் ஒருவர். அவருடைய மைனாவில் எழுத்து சரியாக வருவதற்காக ஒரு தீபாவளியன்று இரண்டு மணி நேரம் போனில் உட்கார்ந்தவள் அவள். ஆஸ்பத்திரி கவுண்டரில்கூட ஒரு பெண், “நீங்கதானே அந்த வீடியோல?” என்று கேட்டாள். வீடியோவை எடுக்கச் சொல்லி ராம்ப்ரசாத்துக்கு எழுதினாள். அது வேறு டிபார்ட்மென்ட் என்று பதில் வந்தது.

கோபிகிருஷ்ணன் அன்றைக்கு ஒன்றும் குத்தலாகப் பேசவில்லை. “உட்டுத் தள்ளு. வேல போச்சா இன்னா, சம்பளமே இல்லாத வேலதானே,” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அதுதான் அவளை அதிகமாக அழவைத்தது.

விட்டுத்தள்ளவில்லை அவள். பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எழுதி வைத்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். சில வீட்டில் காபி கொடுத்தார்கள். சில வீட்டில் நிற்கவைத்தே பேசினார்கள். மிட்டூரில் ஒரு வீட்டில், “நீ தொட்டவரைக்கும் போதும்மா,” என்று கதவைச் சாத்தினார்கள். நாற்பத்து மூன்றில் முப்பத்தாறு வீட்டை முடித்தாள்.

கோலம் படங்களுக்காகக் கம்பெனிக்குப் பதினோரு கடிதம் எழுதினாள். பதினோரு தடவையும் ஒரே பதில் வந்தது: ‘உங்கள் கடிதம் கிடைத்தது. பொறுமையாகப் பார்த்து, விவரமாக எழுதுகிறோம்.’ அவளே எழுதிக் கொடுத்த வரிகள். ‘பொறுமையாக’ என்ற சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துப் போட்டிருந்தாள்.

மே மாதம் செங்கமலத்தின் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தது, வா என்ற வார்த்தை வரவில்லை. டி.வி. முன் உட்கார்ந்து, அறுநூறு டிசைனையும் ஒவ்வொன்றாகச் சாதாரணப் படமாக எடுத்தாள். மூன்று ஞாயிறு பிடித்தது. செங்கமலம் அந்தப் பக்கம் சட்டத்தில் துணி கட்டி ஊசி போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது ஞாயிறு சுலோச்சனா ஒரு மயிலை மட்டும் முதுகு அளவுக்குப் பெரிதாகப் பிரிண்டு போட்டு வந்து கொடுத்தாள். தோகைக் கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. செங்கமலம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்தாள்.

“இத வெச்சி ஓட்ட குத்த முடியாது.”

“நா வேற வழி பாக்கறேன்க்கா. பெங்களூர்ல ஒருத்தரு—”

“வேணாம் சுலோச்சனா. உட்டுடு.” செங்கமலம் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். “நீ இதெல்லாம் எனுக்கோசரம் பண்ணல. உன் மனசு ஆறறதுக்குப் பண்ணிக்கினு கீற. என் வீட்ல வந்து எதுக்கு?”

சுலோச்சனா மைனாவை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். செருப்பு மாட்டும்போது உள்ளே ஊசி போடும் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

ஜூன் முப்பது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் காலை மைனாவைப் போட்டபோது கால்குலேட்டரும் இரண்டு விளையாட்டும் மட்டும் இருந்தன. எல்லாம் இங்கிலீஷில். தமிழ்க் குழுவை அவளே மூடினாள். கடைசியாக ஏதாவது எழுதலாம் என்று அடித்து அடித்து அழித்து, ஒன்றும் எழுதாமலேயே மூடினாள். தொள்ளாயிரம் பேரில் ஒருவர் மட்டும், சத்தியவேட்டில் தபால் ஆபீஸில் வேலை செய்யும் ஸ்வர்ணலதா என்ற பெண், தனியாக நன்றி என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

நவம்பரில், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில், ராம்ப்ரசாத்தின் போன் வந்தது. பள்ளிக்கூட மைனா எடுபடவில்லை. பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்களாம், அவனையும் சேர்த்து. சுலோச்சனாவுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது.

“இப்ப நாங்க மூணு பேர் சேர்ந்து புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறோம் மேடம். மைனா மாதிரியே, அதைவிட நல்லா. இந்த தடவை தமிழ்தான் முதல்ல. சத்தமா படிச்சுக் காட்டும். கோலமும் இருக்கும், கோடு கோடா வெளிய எடுக்கலாம். உங்களை மனசுல வெச்சுத்தான் எல்லாமே பிளான் பண்ணியிருக்கோம்.”

அவள் கையில் சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. அவமானமான விஷயம் என்னவென்றால், அவன் சொல்லச் சொல்ல அவள் மனசு ஓட ஆரம்பித்திருந்தது. பெயர் என்ன வைப்பார்கள், எந்த வார்த்தையை எப்படிப் போடலாம், கோலத்தை முதலில் செங்கமலத்திடம்—

“ஒரு சின்ன உதவி மேடம். அந்தத் தமிழ்க் குரூப்பு நம்பர்ஸ் எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? லிஸ்ட் அனுப்பினா, நம்ம பிளானை அவங்களுக்கு ஷேர் பண்ணிடுவோம். நீங்களே ஒரு வீடியோவுல பேசினா இன்னும்—”

“லிஸ்ட் இல்ல,” என்றாள் சுலோச்சனா. “அழிச்சிட்டேன்.”

“பேக்கப்பு?”

“அதுவும் இல்ல.”

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவன் போனை வைத்தான். பட்டியல் அவள் போனில்தான் இருந்தது. தொள்ளாயிரம் பேர், ஊரும் பெயரும் நம்பரும், அவள் கையால் அடித்தது. டப்பாவை மூடி, கை கழுவி வந்து, அதைத் தேடி எடுத்து அழித்தாள். போன் ஒரு முறை கேட்டது, நிச்சயமா என்று. ஆமாம் என்று அமுக்கினாள்.

மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. சாயங்காலம் ஆட்டோவில் வரும்போது சந்தப்பேட்டை சிக்னலில் செங்கமலம் தெரு ஓரமாக நடந்துபோவதைப் பார்த்தாள். கையில் சுருட்டிய பட்டர் பேப்பர் கட்டு, பழையபடி கையாலேயே வரைவதற்கு. அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் கனம் கூடியிருந்தது. சுலோச்சனா கூப்பிட வாயெடுத்தாள். ஆட்டோ நகர்ந்துவிட்டது, நிறுத்தச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.